வீட்டு நாய்க்கும் ஒரு வேலை வேண்டும்

முட்டம் கடற்கரையில் அதிகாலையில் வள்ளங்கள் கரையேறும் நேரத்தில் நின்று பார்த்தவர்கள், அங்கே திரியும் நாய்களையும் பார்த்திருப்பார்கள். எந்த வலையில் மீன் அதிகம், யார் சிறுமீனை வீசி எறிவார், யார் கல்லெடுப்பார், எப்போது அருகில் வரலாம், எப்போது விலக வேண்டும் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். அவற்றின் வாழ்க்கை பொறாமைப்படத் தக்கது அன்று. பசியும் சொறியும் வாகன விபத்தும் வெறிநோயும் அவற்றின் ஆயுளைக் குறைக்கின்றன. ஆனாலும் விடிந்தது முதல் அடையும் வரை அவற்றின் மூக்கும் கண்ணும் மூளையும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

அந்த மணலிலிருந்து சற்று உள்ளே வந்தால், பல வீடுகளின் முற்றத்தில் வேறொரு காட்சி. விலை கொடுத்து வாங்கிய நல்ல இன நாய், நேரத்துக்கு உணவு, வெயில்படாத கூரை, கழுத்தில் சங்கிலி. காலை முதல் இரவு வரை அது பார்ப்பது ஒரே சுவரை. அது குரைக்கிறது, தரையைப் பறிக்கிறது, செருப்பைக் கடித்துக் குதறுகிறது, தன் காலையே நக்கிப் புண்ணாக்குகிறது. வீட்டார் அதைக் கெட்ட நாய் என்கிறார்கள். அதற்கு வேலை இல்லை என்பதுதான் நோய் என்று நாங்கள் கருதுகிறோம்.

நோயாளிகளுக்கான இதழில் நாயைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணலாம். நரம்பியல் பிரிவில் நாள்தோறும் நாங்கள் சந்திக்கும் குடும்பங்கள் பலவற்றில் ஒரு நாயும் உண்டு. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ ஆழ்கடலிலோ இருக்க, முதியவருக்குப் பகல் முழுவதும் துணையாக இருப்பது பெரும்பாலும் அந்த நாய்தான். அந்த நாயின் மனநலம் கெட்டால் அதன் விளைவு நாய்க்கடியாகவோ, உறக்கமற்ற இரவாகவோ, நோயாளியின் தனிமையாகவோ எங்களிடமே வந்து சேர்கிறது.

எங்கள் பிழை ஒன்று

குடும்பத்தாரின் இசைவுடன், அடையாளங்களைத் தவிர்த்து, ஒரு நிகழ்வைச் சொல்கிறோம். எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் பக்கவாதத்தால் வலக்கை, வலக்கால் வலுவிழந்து சிகிச்சை பெற்றார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவருடைய மனைவி, "வீட்டுல நாய் ஒண்ணு உண்டு டாக்டரே, அதை என்ன செய்ய?" என்று கேட்டார். மருந்துகளை விளக்கிக்கொண்டிருந்த நாங்கள் அரை நிமிடத்தில் பதில் சொன்னோம்: "அவர் பக்கத்தில் விடாதீர்கள், கட்டிப் போடுங்கள்." தடுக்கி விழுவார் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த நாய் யார், அதுவரை அது என்ன செய்துகொண்டிருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

ஒவ்வொரு நாளும் விடியுமுன் அவருடன் கடற்கரைக்குப் போய் வந்த நாய் அது. அன்று முதல் அது பின்முற்றத்துத் தென்னையில் கட்டப்பட்டது. மூன்று மாதம் கழித்து, உணவு வைக்கச் சென்ற பேரனின் கையைக் கடித்துவிட்டது. இரத்தம் வரக் கடித்த காயம் என்பதால் சிறுவனுக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டியிருந்தது. இரவெல்லாம் நாய் குரைப்பதால் பெரியவருக்கு உறக்கமில்லை, இரத்த அழுத்தம் கட்டுப்படவில்லை, கைக்கான பயிற்சியை அவர் செய்வதே இல்லை என்பதையும் அன்றுதான் அறிந்தோம். நாயை எங்கேனும் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எதைக் கேட்டாலும் பேசாதிருந்த பெரியவர் அதற்கு மட்டும், "விடாண்டாம்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் நாங்கள் யோசித்தோம். நாய் தடுப்பூசி போடப்பட்டது, பத்து நாள் கண்காணிப்பிலும் நலமாக இருந்தது. கால்நடை மருத்துவரின் அறிவுரையையும் எங்கள் இயன்முறை மருத்துவரின் அறிவுரையையும் சேர்த்து ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, வலக்கையால் மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றனடியில் முள் நீக்கிய அவித்த மீன் துண்டை ஒளித்து வைக்க வேண்டும். நாய் மோந்து கண்டுபிடிக்க வேண்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். தொடக்கத்தில் மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றார்.

ஆறு வாரத்தில் இரவுக் குரைப்பு வெகுவாகக் குறைந்தது. பெரியவரின் கை முழுமையாகத் திரும்பவில்லை. ஆயினும் சிரட்டையைப் பிடித்துத் தூக்கும் அளவுக்கு வந்தது. அதற்கு நாயே காரணம் என்று சொல்ல மாட்டோம். கொடுத்த பயிற்சியை ஒழுங்காகச் செய்திருந்தாலும் அந்தப் பலன் கிடைத்திருக்கலாம். ஆனால் பந்தை அமுக்கச் சொன்னபோது செய்யாதவர், நாய்க்காக நாள்தோறும் செய்தார்.

இயலாமையைப் பற்றி நாய்கள் கற்பித்தது

மனித மனச்சோர்வைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்த ஒரு முக்கிய உண்மை நாய்களிடமிருந்தே வந்தது. 1967-இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். சில நாய்கள் ஒரு பலகையை அழுத்தி அதை நிறுத்த முடிந்தது. வேறு சிலவற்றால் என்ன செய்தும் நிறுத்த முடியவில்லை. பின்னர் எளிதில் தாண்டித் தப்பக்கூடிய இடத்தில் விட்டபோதும், இரண்டாம் வகை நாய்களில் பல முயலாமலே படுத்துக் கிடந்தன. இன்று எவரும் ஏற்காத கொடிய சோதனைதான் அது. எனினும் 'கற்றுக்கொண்ட இயலாமை' என்ற கருத்து அதிலிருந்தே பிறந்தது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-இல் அதே இருவரும் தம் முடிவைத் தாமே திருத்தினர். நீடித்த துன்பத்தின் முன் சோர்ந்து கிடப்பது மூளையின் இயல்பான நிலை, அதைக் கற்க வேண்டியதில்லை, 'என் முயற்சியால் ஒன்று நடக்கும்' என்பதைத்தான் மூளை கற்க வேண்டியிருக்கிறது என்றனர். கட்டிய நாய்க்கும் கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கும் இது ஒருங்கே பொருந்தும். இருவருக்கும் உணவு தட்டில் வந்துவிடுகிறது. இருவரும் எதையும் தேட வேண்டியதில்லை, எதையும் முடிக்க வேண்டியதில்லை. அன்பின் மிகுதியால் நாமே அவர்களிடமிருந்து முயற்சியைப் பறித்துவிடுகிறோம்.

முதுமையிலும் இந்த ஒப்புமை தொடர்கிறது. வயதான நாய்களின் மூளையில், அல்சைமர் நோயில் காண்பது போன்ற அமிலாய்டு படிவுகள் காணப்படுகின்றன. இரவில் உறங்காமல் அலைவது, பழகிய வீட்டிலேயே மூலையில் சிக்கி நிற்பது, வீட்டாரை அடையாளம் தெரியாமல் விழிப்பது ஆகியவை முதிய நாய்க்கும் வரும். வட அமெரிக்காவில் மில்கிராம் குழுவினர் முதிய பீகிள் நாய்களை இரண்டாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து 2005-இல் முடிவை வெளியிட்டனர். துணை நாய், நடை, விளையாட்டுப் பொருள்கள், அறிவுப் பயிற்சி ஆகியவற்றைப் பெற்ற நாய்கள் கற்கும் திறனை மற்றவற்றைவிட நன்றாகத் தக்கவைத்துக்கொண்டன. அதனுடன் ஊட்டம் சேர்த்த உணவும் பெற்றவை இன்னும் நன்றாக இருந்தன. மனிதர்க்கான லான்செட் ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையும், மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களை அடுக்கும்போது உடலுழைப்பின்மையையும் தனிமையையும் அவற்றுள் சேர்க்கிறது.

உழைக்கப் பிறந்த இனங்கள்

நம் வீடுகளில் இன்று அதிகம் காணப்படும் லாப்ரடார், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடம் வலைகளையும் கயிறுகளையும் நழுவிய மீன்களையும் நீரிலிருந்து இழுத்துக் கொடுத்த நாய்களின் வழிவந்தது. கடலோடியின் துணையாக உருவான இனம், கடலோடியின் வீட்டு முற்றத்திலேயே கடலைக் காணாமல் கட்டிக் கிடக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்ட் ஆடு மேய்க்க உருவானது. நம் நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். இராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் பெயர் பெற்றவை. 2005-இல் இந்திய அஞ்சல்துறை நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளில் ஒன்று இராஜபாளையத்துக்கு உரியது. இவை எல்லாம் பல தலைமுறையாக வேலைக்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்டவை. வேலையை எடுத்துவிட்டுச் சோற்றை மட்டும் வைத்தால், அந்த ஆற்றல் குரைப்பாகவும் கடியாகவும் வெளிப்படுகிறது.

சட்டமும் இதைச் சொல்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11-ஆம் பிரிவு, வழக்கமாகக் கட்டிப்போடப்படும் நாய்க்கு உரிமையாளர் போதிய நடமாட்டப் பயிற்சி அளிக்கத் தவறுவதைக் குற்றங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. நாயைக் கட்டுவதே குற்றம் என்று அது சொல்லவில்லை. கட்டியே வைத்திருந்து மறந்துவிடுவதைத்தான் குற்றம் என்கிறது. 60 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் இச்சட்டத்தை நம் ஊர்களில் அறிந்தவர் மிகச் சிலரே.

செலவின்றிச் செய்யக்கூடியவை

முதலில் மூக்குக்கு வேலை கொடுங்கள். நாயின் உலகம் பெரும்பாலும் மணத்தால் ஆனது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் நாள்தோறும் மோப்பப் பயிற்சி பெற்ற வீட்டு நாய்கள், காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி பெற்ற நாய்களைவிட, தெளிவற்ற சூழலை நம்பிக்கையோடு அணுகின. ஆகவே நடைக்கு அழைத்துச் செல்லும்போது அது நின்று மோந்து பார்த்தால் இழுக்காதீர்கள். அதற்கு அது நாம் செய்தித்தாள் படிப்பது போல. அரை மணி நேர அவசர நடையைவிட, பதினைந்து நிமிட நிதான நடை அதன் மூளைக்கு அதிகப் பயன் தரும்.

இரண்டாவது, உணவின் ஒரு பங்கைத் தேடித் தின்னச் செய்யுங்கள். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். அன்றாட உணவிலிருந்தே ஒரு பிடி போதும். சிரட்டையின் அடியில் வைக்கலாம், பழைய துண்டில் சுருட்டலாம், அட்டைப் பெட்டிக்குள் போடலாம், முற்றத்தில் நான்கைந்து இடங்களில் ஒளிக்கலாம். கதம்பையைக் கொடுத்தால் பக்கத்திலேயே இருங்கள். நாரை விழுங்கினால் குடலை அடைக்கும். உடைந்த சிரட்டையை உடனே அப்புறப்படுத்துங்கள்.

மூன்றாவது, சொற்களைக் கற்பியுங்கள். அமெரிக்காவில் சேசர் என்ற நாய் 1,022 பொருள்களின் பெயர்களை அறிந்திருந்ததாக 2011-இல் பதிவாகியுள்ளது. நம் வீட்டு நாய்க்குப் பத்துச் சொற்கள் போதும். பக்கவாதத்தால் பேச்சுக் குறைந்த நோயாளிக்கு 'வா', 'இரு', 'எடு' என்று ஒரு நாளில் இருபது முறை சொல்வதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு அது மாற்று ஆகாது, ஆனால் நல்ல துணை. நோயாளி தடுமாறினாலும் நாய் சலித்துக்கொள்வதில்லை, வாக்கியத்தை முடித்து வைப்பதும் இல்லை. இவ்விரண்டையும் வீட்டாராகிய நாம் அடிக்கடி செய்துவிடுகிறோம்.

கடற்கரைக்கு அழைத்துச் செல்வோர் வெயில் ஏறுமுன் அல்லது மணல் ஆறிய பின் செல்லுங்கள். கயிற்றை அவிழ்க்காதீர்கள். மணலில் கிடக்கும் தூண்டில் முள்ளும், வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீனும் நாயின் உயிருக்கு ஆபத்தானவை. பேத்தையின் நஞ்சு மிகக் கடியது. பாறைகளுக்கிடையே அலையின் வேகமும் எளிதன்று.

யார் கவனமாக இருக்க வேண்டும்

மேலே சொன்னவை எல்லா நோயாளிகளுக்கும் ஒரே வகையில் பொருந்துவன அல்ல. புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போர் தங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே நாயுடன் நெருங்கிப் பழகலாம். நாயின் கழிவை அவர்கள் அள்ளக் கூடாது. நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர்கள், காலில் புண் உள்ளவர்கள், நாய் அப்புண்ணை நக்க ஒருபோதும் விடக் கூடாது. நக்கினால் புண் ஆறும் என்ற பழைய நம்பிக்கையால் விரலை இழந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போருக்குச் சிறு பிறாண்டலும் பெரிதாகலாம். நடையில் தள்ளாட்டம் உள்ளவர்கள் கயிற்றைத் தாமே பிடிக்க வேண்டாம், கையில் சுற்றிக்கொள்ளவே வேண்டாம். இவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே விளையாட்டை நடத்தலாம்.

மருந்துப் பெட்டியை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற சாதாரண மாத்திரைகளும் நாய்க்கு நஞ்சாகும். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சமைத்த எலும்பு, சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சேரும் சைலிட்டால் ஆகியவற்றையும் கொடுக்கக் கூடாது. சிறு குழந்தையையும் நாயையும் தனியே விடாதீர்கள். உண்ணும் நாயைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

நாயின் குணம் திடீரென மாறினால் அதைச் சலிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். வலியோ நோயோ காரணமாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி தவறக் கூடாது. எந்த நாய் கடித்தாலும், அது வீட்டு நாயே ஆயினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தோலினுள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் முழுமையாகப் போடப்பட வேண்டும். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்ப வேண்டாம். வெறிநோய் முற்றிய பின் எங்களால் காப்பாற்ற இயல்வதில்லை.

"மனுசனுக்கே நேரமில்லை"

இதைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் கேட்கும் மறுமொழி ஒன்றுண்டு: "மனுசனைக் கவனிக்கவே நேரமில்லை, இதில் நாய்க்கு விளையாட்டா?" இது நியாயமான கேள்வி. நோயாளியைப் பராமரிக்கும் பெண்களின் களைப்பை நாங்கள் அறிவோம். பெரும்பாலான வீடுகளில் சமையல், மருந்து, மலசலப் பராமரிப்பு, நாய்க்குச் சோறு எல்லாம் ஒரே பெண்ணின் தலையில்தான். அவருடைய பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்க நாங்கள் விரும்பவில்லை.

எங்கள் வேண்டுகோள் அந்த வேலையை நோயாளிக்குக் கொடுங்கள் என்பதே. அவரால் முடிந்த அளவு, முடிந்த வேகத்தில் செய்யட்டும். துண்டு கீழே விழுந்தால் விழட்டும். நாய் எடுத்துக்கொள்ளும். முடியாத வீடுகளில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்யலாம். அதுவும் இயலாதெனில், தகுந்த வீடு ஒன்றைத் தேடி நாயை ஒப்படைப்பது தவறன்று. சாலையிலோ கடற்கரையிலோ கொண்டுபோய் விடுவதுதான் தவறு. நாய் இல்லாத வீடுகள் நோயாளிக்காகப் புதிதாக ஒரு நாயை வாங்க வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு நீளும் பொறுப்பு அது. நோயாளிக்கு ஒரு தொட்டிச் செடியோ, வெங்காயம் உரிப்பதோ, வலை சீர் செய்வதோ அதே வேலையைச் செய்யும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு மாற்றம் வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் சர்க்கரை, இரத்த அழுத்தம், மாத்திரைகள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும் நாங்கள், இப்போது இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்: "வீட்டில் நாய் உண்டா? நோயில் விழுமுன் அதை யார் கவனித்தார்?" அந்தப் பதிலைக் கேட்ட பிறகே நாயைப் பற்றி எதுவும் சொல்கிறோம். நாங்கள் கேட்க மறந்தால், நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெரியவர் இப்போது பரிசோதனைக்கு வரும்போது தம்முடைய கையைப் பற்றிச் சொல்வதற்கு முன், நாய் எந்தச் சிரட்டையை முதலில் புரட்டியது என்பதைத்தான் சொல்கிறார்.